‘தனியார் தொழிற்சாலை’ என்ற இரண்டு சொற்கள்

எந்தக் குற்றம் நாடு முழுவதற்குமான செய்தியாக உயர்கிறது, எது மாவட்டப் பதிப்பின் உள்பக்கத்தோடு அடங்கிப்போகிறது என்ற கேள்விக்குக் குற்றத்தின் கொடுமையே அளவுகோல் என்று பதில் சொல்ல முடிந்திருந்தால், ஊடகங்களின் மீது இவ்வளவு ஐயம் எழுந்திருக்காது. அந்த ஐயத்தை ஆராய்வதற்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தைப் போலப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. உலகமே பார்த்த ஒரு கொலை இங்கே நடந்தது; எவரும் பாராத மரணங்கள் பல இங்கே நிகழ்ந்துள்ளன; நடக்காத குற்றம் ஒன்று தலைப்புச் செய்தியாகி, இங்குள்ளவர்களைப் போன்ற புலம்பெயர் தொழிலாளர்களின் குடும்பங்களைக் கலங்க வைத்ததும் உண்டு.

வைணவ உலகம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இராமானுசரின் அவதாரத் தலமாக அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூரை, 1991 மே 21 இரவுக்குப் பிறகு உலகம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊராக மட்டுமே அறிந்தது. விசாரணை, தீர்ப்பு, கருணை மனு, 2022இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த விடுதலை உத்தரவுகள் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஒரு குற்றம் செய்தியில் நீடித்தது. ஒரு முன்னாள் பிரதமரின் கொலைக்கு அது தகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே குண்டுவெடிப்பில் அவருடன் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவல் பணியிலிருந்தவர்கள், கட்சித் தொண்டர்கள், ராஜீவின் முன் கவிதை வாசித்துக் காட்ட வந்த ஒரு சிறுமி, அவளை அழைத்து வந்த தாய் ஆகியோர் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரே இடத்தில், ஒரே நொடியில், ஒரே குண்டினால் நேர்ந்த மரணங்களுக்குள்ளேயே இத்தனை படிநிலை இருக்குமானால், தனித்தனியே நிகழும் மரணங்களுக்கிடையே அது எவ்வளவு ஆழமாக இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான குற்ற வழக்குகள் 58,24,946. அவற்றுள் கொலை வழக்குகள் 28,522, அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 78. எந்தத் தொலைக்காட்சியாலும் எழுபத்தெட்டுக் கொலைகளையும் நாள்தோறும் சொல்ல முடியாது. எனவே தேர்ந்தெடுப்பது குற்றமாகாது. எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது. இந்த அடிப்படையை ஊடகவியலார் ‘செய்தி மதிப்பு’ என்று அழைக்கின்றனர். ஒரு நிகழ்வு செய்தியாவதற்கு அதனிடம் இருக்க வேண்டிய தகுதிகளின் தொகுப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய நாடுகளின் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எவ்வாறு வெளியிட்டன என்பதை ஆராய்ந்து 1965இல் ஜோஹன் கால்டுங், மாரி ரூகே ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை இத்தகுதிகளை முதன்முதலில் முறைப்படுத்தியது. நிகழ்வு வாசகரின் பண்பாட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், உயர்ந்தோர் தொடர்புடையதாக இருக்க வேண்டும், தனி ஒருவரின் கதையாகச் சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும், எதிர்பாராததாக இருக்க வேண்டும் என்பன அவர்கள் கண்டவற்றுள் சில. ஒரகடத்தின் ஒரு பிரஸ் ஷாப்பில் கை நசுங்கி இறக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியை இந்த ஒவ்வொரு தகுதியோடும் ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் எல்லாவற்றிலும் தோற்றுப்போவது தெரியும்.

நான்கு வரிச் செய்தி

தொழிற்சாலை மரணம் குறித்துத் தமிழ் நாளிதழில் வழக்கமாக வெளிவரும் செய்தியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இறந்தவரின் சொந்த மாவட்டம் அல்லது மாநிலம், வயது, ‘ஒரகடம் அருகே உள்ள தனியார் தொழிற்சாலையில் பணியாற்றி வந்தார்’ என்ற ஒரு வரி, ‘எதிர்பாராத விதமாக’ இயந்திரத்தில் சிக்கினார் என்ற ஒரு வரி, உடல் செங்கல்பட்டு அல்லது காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது என்ற ஒரு வரி, ‘போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்’ என்ற முடிவு வரி. இறந்தவரின் பெயர், ஊர், வயது, சில சமயம் தந்தையின் பெயர்கூட அச்சாகிறது. ஆலையின் பெயர் மட்டும் பெரும்பாலும் அச்சாவதில்லை. ‘எதிர்பாராத விதமாக’ என்ற சொல்லை எழுதியவர் இயந்திரத்தைப் பார்த்தவர் அல்லர். அதன் பாதுகாப்புத் தடுப்பு பொருத்தப்பட்டிருந்ததா, உற்பத்தி இலக்குக்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்ததா என்று கேட்கப்படுவதற்கு முன்பே, அந்த ஒரு சொல் விடையை எழுதிவிடுகிறது.

இந்தச் சொற்கள் செய்தி அறையில் பிறந்தவை அல்ல. அவை காவல் நிலையத்திலிருந்து வருபவை. ஆலைக்குள் ஒருவர் இறந்தால் முதலில் பெரும்பாலும் ‘சந்தேக மரணம்’ என்ற தலைப்பில் வழக்குப் பதிவாகிறது. இயற்கைக்கு மாறான மரணத்தின் காரணத்தை அறிவதற்கான இந்த விசாரணைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆம் பிரிவும் இடமளிக்கின்றன. அலட்சியம் என்று தெரியவந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு பொருந்தியது. அதன்படி அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியுள்ளது. ஆக, அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் சட்டத்தின் பார்வையில் ஐயத்திற்கிடமின்றிக் குற்றம். குற்றச் செய்தியாளரின் பார்வையில் மட்டும் அது ‘விபத்து’ப் பகுதிக்குரியதாக இருக்கிறது. கொலைக்குப் பின்தொடர்செய்தி உண்டு, விபத்துக்கு இல்லை.

அந்த நான்கு வரிகள் எவ்வளவு தூரம் பயணம் செய்கின்றன என்பதும் கவனத்திற்குரியது. தமிழ் நாளிதழ்கள் மாவட்டப் பதிப்புகளாகப் பிரிந்த பிறகு, காஞ்சிபுரம் மாவட்டச் செய்தி காஞ்சிபுரம் வாசகருக்கு விரிவாகக் கிடைக்கத் தொடங்கியது. கூடவே அது அங்கேயே தங்கிவிடவும் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து இங்கு வேலை பார்க்கும் ஒருவர் இறந்தால், அவரது சொந்த ஊரில் படிக்கப்படும் பதிப்பில் அச்செய்தி இல்லாமல் போவதற்கு வாய்ப்பு மிகுதி. இறந்தவர் ஒடிசாவைச் சேர்ந்தவரானால் சொல்லவே வேண்டாம். தாலுகா அளவில் செய்தி சேகரிப்பவர்களில் பலர் மாதச் சம்பளம் பெறாத பகுதிநேர நிருபர்கள். அனுப்பும் செய்திக்கேற்பக் கிடைக்கும் சிறு தொகையையும், திரட்டித் தரும் விளம்பரத்தின் கமிஷனையும் நம்பியிருப்பவர்கள். காவல் நிலையக் குறிப்பைத் தாண்டி, பாதுகாவலர் நிற்கும் ஆலை வாசலைக் கடந்து உண்மையைத் தேடு என்று அவர்களிடம் எதிர்பார்ப்பதற்கு, அவர்களுக்கு மாதச் சம்பளம்கூடத் தராத நிறுவனங்களுக்கு உரிமை குறைவு.

பிராண்டு எறியும் வெளிச்சம்

2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில், இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் கழுத்து சிக்கி உயிரிழந்தார். தொழிற்சங்கங்களும் தொழிலாளர் ஆய்வாளர்களும் இன்றும் நினைவுகூரும் இந்த மரணம், அன்று இந்தியர் கைகளில் மிகுதியாக இருந்த கைப்பேசியின் ஆலைக்குள் நேர்ந்தும் டெல்லி ஒளிபரப்புகளில் விவாதமாகவில்லை. 2012 ஆகஸ்டில் சுங்குவார்சத்திரத்தை அடுத்த குன்னத்தில் ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டுமானம் இடிந்து வடமாநிலத் தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அதுவும் சில நாட்களில் மறைந்துபோனது. ஆனால் 2014 ஜூன் 28இல், இங்கிருந்து வெகு தொலைவில்லாத மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, நாடு முழுவதும் நாட்கணக்கில் பார்த்தது. எண்ணிக்கை ஒரு காரணம். இடிபாட்டுக்குள்ளிருந்து அடுத்து யார் உயிருடன் வருவார் என்ற பதற்றத்தை நேரலையாகக் காட்ட முடிந்தது இன்னொரு காரணம்.

இந்த வட்டாரத்தின் பெண் தொழிலாளர்கள் உலகச் செய்தியான நிகழ்வு 2021 டிசம்பரில் நடந்தது. சுங்குவார்சத்திரத்திலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் பணியிலிருந்த பெண்கள், பூந்தமல்லி அருகே தங்கியிருந்த விடுதியில் உண்ட உணவால் நோயுற்றனர்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்டவர்களில் சிலரைத் தொடர்புகொள்ள முடியாமல் போகவே, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்றும் அது மறைக்கப்படுகிறது என்றும் பேச்சு பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது; ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பு நிலைக்கு உட்படுத்துவதாக மாதக் கடைசியில் அறிவித்தது; 2022 ஜனவரி 12இல்தான் கதவு திறந்தது.

அதன் பிறகே வெளியுலகம் அந்த விடுதி அறைகளுக்குள் எட்டிப் பார்த்தது. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் செய்தியாளர்கள் பெண்களிடம் கேட்டு எழுதியபடி, ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை ஓர் அறையில் தங்கித் தரையில் படுத்தார்கள். ஒரு விடுதியில் தண்ணீர் வரும் கழிப்பறைகூட இல்லை. இந்த நிலை, பெண்கள் நோயுற்ற டிசம்பர் 15ஆம் தேதி திடீரென்று உருவானதன்று. நாளும் ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் அந்தப் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பிய தெருக்களில்தான் அந்த விடுதிகள் இருந்தன. சென்னையின் செய்தி அறைகளிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அவற்றை அடைந்திருக்கலாம். பார்க்கும் காரணம் பொருளின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெண்கள் பொருத்திய கருவி வாசிங்டனிலும் லண்டனிலும் ஒவ்வொரு பையிலும் இருந்ததால், அவர்களது வயிற்றுவலி உலகச் செய்தியாயிற்று. அதே சாலையில், வெளியே எவரும் அறியாத உதிரிப்பாகம் செய்யும் சிறு வெண்டார் நிறுவனத்தின் தொழிலாளர்கள் அதே உணவை உண்டு நோயுற்றிருந்தால், நான்கு வரி கிடைத்திருக்கும்.

வெளிச்சம் விழுந்ததன் பயனை மறுக்க இயலாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு, 706.50 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் வழியாகத் திறக்கப்பட்டது. ஒரு போராட்டத்தையும் ஒரு கட்டடத்தையும் நேர்கோட்டில் இணைப்பது மிகையாகும். ஆனாலும், அந்த இரவு நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களை உலகம் பார்க்காமல் இருந்திருந்தால் அக்கட்டடம் அவ்வளவு விரைவில் எழுந்திருக்குமா என்று ஐயுறுவதில் தவறில்லை. செய்தித் தேர்வு வெறும் பத்திரிகை விவகாரம் ஆகாமல் போவது இதனால்தான்: அரசின் பணமும், நீதிமன்றத்தின் நேரமும், காவல்துறையின் ஆட்பலமும் வெளிச்சம் இருக்கும் திசையில் ஓடுகின்றன.

யாருடைய பெண், யாருடைய மொழி

இதே சென்னையில் 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். உயர் நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கைக் கையில் எடுத்தது. விசாரணை ரயில்வே போலீசாரிடமிருந்து மாநகரக் காவல்துறைக்கு மாறியது. ஒரு வாரத்துக்குள் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த இளம்பெண்ணுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளியும் மிகையில்லை; எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டிய கவனம் அது. ஆனால் ஐ.டி. ஊழியர் என்ற சொல்லைக் கேட்டதும் தன் வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொள்ளும் வாசகர், ஆலை டிரெய்னி என்ற சொல்லைக் கேட்கும்போது அவ்வாறு நினைப்பதில்லை. அமெரிக்கச் செய்தியாளர் க்வென் ஐபில் 2004இல் ‘காணாமற்போன வெள்ளைப் பெண் நோய்க்குறி’ என்று பெயரிட்டது இதன் இன்னொரு வடிவத்தையே. நடுத்தர வகுப்பு வெள்ளை இனப் பெண் காணாமற்போனால் நாடே தேடும், கறுப்பினப் பெண் காணாமற்போனால் தேடாது என்ற பழக்கத்தைக் குறிக்கும் தொடர் அது. இந்தியாவில் நிறத்தின் இடத்தில் சாதியும் வகுப்பும் மொழியும் மாநகரிலிருந்து உள்ள தொலைவும் நிற்கின்றன.

இதற்குச் செய்தி அறையின் அமைப்பும் காரணம். டெல்லியில் ஒரு தலித் செய்தியாளரைத் தேடிக் காணாமல் 1996இல் பி.என்.உனியால் தி பயனியர் நாளிதழில் எழுதிய கட்டுரை பலரைத் துணுக்குற வைத்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து நடத்திய ஆய்வில், கணக்கெடுக்கப்பட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் இருப்பவர்களுள் எவருடைய தங்கையும் இயந்திர வரிசையில் நின்று வேலை செய்யவில்லை என்றால், அந்த மரணத்தைப் பற்றிப் பேசலாம் என்று அங்கே குரல் எழ வழியில்லை. இதில் கெட்ட எண்ணம் தேவைப்படுவதே இல்லை.

மொழியின் பங்கு 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது தமிழ்நாடு கொதித்தது. வடக்கே அது மெல்லவே எட்டியது. தென்னிந்தியப் பிரச்சினைகளை ஆங்கிலத்தில் பேசாததால்தான் அவை வெளியே தெரிவதில்லை என்று ஆதங்கப்பட்டுப் பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் வெளியிட்ட காணொளி பரவிய பிறகு, நாட்டின் பிற பகுதிகளும் பேசத் தொடங்கின. அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்ததால் ஒப்பிடவும் ஒரு நிகழ்வு கையில் இருந்தது. சில வாரங்களில் மீண்டும் ஒரு மும்பை நடிகரின் மரணமே எல்லாத் திரைகளையும் மாதக்கணக்கில் நிறைத்தது. அந்த ஒளிபரப்புகளின் வரம்புமீறலை 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஊடகம் சார்புடையது என்ற உணர்வும் சார்பற்றதன்று. 1982இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளருக்கும் அரபு ஆதரவாளருக்கும் போட்டுக் காட்டியபோது, இரு தரப்பும் அவை தமக்கு எதிரானவை என்றே கருதியதை வல்லோன், ராஸ், லெப்பர் ஆகியோர் 1985இல் பதிவு செய்தனர். ‘பகை ஊடக விளைவு’ என்று இது அழைக்கப்படுகிறது. நம்மவருக்கு நேர்ந்ததை மட்டும் மறைக்கிறார்கள் என்ற எண்ணம் எல்லாக் குழுவிடமும் உண்டு. அந்த எண்ணத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் காத்திருப்பவர்களும் உண்டு.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்தது அதுவே. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று காட்டும் காணொளிகள் பரவின; அவற்றுள் சில வேறு மாநிலங்களில் எடுக்கப்பட்டவை, சில தொடர்பில்லாத தகராறுகள். பெரிய இந்தி நாளிதழ் ஒன்றும் அதைச் செய்தியாக்கியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாடு வந்து பார்த்தது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு இவை பொய் என்று அறிவித்தார். பீகார் யூடியூபர் ஒருவர் கைதானார். குன்னத்தில் பத்து வடமாநிலத்தவர் உண்மையில் இறந்தபோது இந்தி ஊடகங்களில் இத்தகைய கொந்தளிப்பு எழவில்லை என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சுவர் இடிந்து இறந்தவருக்குக் குற்றவாளியாகக் காட்ட இன்னொரு இனம் இல்லை. பொய்க் காணொளியில் இருந்தது.

2021 டிசம்பரில் பரவிய ‘இறப்பை மறைக்கிறார்கள்’ என்ற பேச்சும், 2023 மார்ச்சில் பரவிய ‘கொலையை மறைக்கிறார்கள்’ என்ற பேச்சும் ஒரே மண்ணில் முளைத்தவை. முதலாவது, கவலையுற்ற தோழியரிடம் தானாக எழுந்தது. இரண்டாவது, திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. ஆகவே இரண்டையும் ஒன்றாக எடைபோடுவது அநீதி. ஆயினும் இரண்டும் நம்பப்பட்டதற்குக் காரணம் ஒன்றே. தன் ஆலையில் நிகழும் மரணம் பெயரோடு வெளிவரும் என்று ஒருபோதும் கண்டிராத தொழிலாளிக்கு, வெளிவராத செய்தி எதையும் மெய்ப்பிப்பதில்லை. பத்திரிகையில் வரவில்லையே, அப்படியானால் நடக்கவில்லை என்று சொல்ல அவரால் இயலாது. உண்மையான சிறு மரணங்களைப் பற்றிய மௌனமே பொய்யான பெரிய மரணங்களை நம்பத்தகுந்தவை ஆக்குகிறது.

2021 டிசம்பரின் நெடுஞ்சாலைப் போராட்டத்துக்கு மறுநாள் 67 பெண் தொழிலாளர்களும் அவர்களோடு ஓர் உள்ளூர்ச் செய்தியாளரும் பிடித்துவைக்கப்பட்டு, அவர்களது கைப்பேசிகள் பறிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. களத்துக்கு மிக அருகிலிருந்தவரின் கருவி பறிக்கப்பட்ட பிறகு, எஞ்சுவது தொலைவிலிருந்து எழுதப்படும் செய்தியும் வாட்ஸ்அப்பில் வரும் பேச்சும்தான். களத்துக்கும் செய்திக்கும் இடையே அறுந்த இந்தக் கண்ணியைச் சரிசெய்வதற்கு டெல்லி ஸ்டுடியோக்கள் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்ற துறை இருக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் ஆலை அதற்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு வரும் ஒவ்வொரு மரணத்தையும் ஆலையின் பெயர், இயந்திரம், ஒப்பந்ததாரர், வழக்கின் நிலை ஆகியவற்றோடு மாதந்தோறும் தமிழில் அத்துறை வெளியிடட்டும். காவல் நிலையக் குறிப்பிலும் ஆலையின் பெயர் இடம்பெறட்டும். அதன் பின்னர் ஒரகடத்து நிருபர் அனுப்பும் நான்கு வரிகளில் ‘தனியார் தொழிற்சாலை’ என்று எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இராது.